மூன்று மணிப் பலகாரம்

முதல் நாள் காலை பத்து மணியா, இரண்டாம் நாள் மதியம் மூன்று மணியா என்று விடுதிக்கார ஸுமியே கேட்டபோது, மிச்சியோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டாம் நாள் மூன்று மணி என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து கணவன் தொகுஜியிடம் சொன்னாள். அவள் எப்போதுமே அப்படித்தான், முதலில் முடிவு, அப்புறம்தான் பேச்சு.

ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்கத்தின் பட்டப் போட்டி இந்த வெந்நீர் ஊற்று ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஸுமியேயின் விடுதியில் இரண்டு நாள் நடக்கும் ஒரே ஆட்டம். ஆட்டக்காரர்கள் எந்தக் காயை எங்கே நகர்த்தினார்கள் என்று பேசும் கூட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் அவர்கள் முன்னால் என்ன பலகாரம் வைத்தார்கள் என்று பேசும் கூட்டம் அதைவிடப் பெரியது. தொலைக்காட்சியில் அந்தத் தட்டைக் காட்டிய மறுநாளே அந்தக் கடைக்கு நாலு திசையிலிருந்தும் தொலைபேசி வரும். அதனால் ஸுமியே மிச்சியோவின் கடை உட்பட உள்ளூர்ப் பலகாரக் கடைகளுக்கு ஆளுக்கொரு வேளை என்று பிரித்துக் கொடுத்தாள். அந்த வேளைக்குரிய பலகாரங்களிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பார்கள்.

தொகுஜி விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். ஷோகி என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஒளிபரப்பு இருக்கும் நாளில் அடுப்பில் பாகு தீய்ந்து போனாலும் அவர் மூக்குக்கு எட்டாது.

"ஏன் ரெண்டாம் நாளைக் கேட்டே? முதல் நாள் காலைன்னா ரெண்டு பேரும் கண்டிப்பா உக்காந்திருப்பாங்க."

"முதல் நாள் காலையில யாரு பார்க்கறா? உங்களை மாதிரி வேலைவெட்டி இல்லாதவங்கதான். ரெண்டாம் நாள் மூணு மணிக்குத்தான் ஊர் உலகமே பார்க்கும்."

"அதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சு போச்சுன்னா?"

"எப்படி முடியும்? ஆளுக்கு எட்டு மணி நேரம்னு நீங்கதானே சொன்னீங்க. எட்டும் எட்டும் பதினாறு. முதல் நாள்ல பாதி போகும். மறுநாள் மூணு மணிக்கு இன்னும் நேரம் மிச்சம் இருக்குமே."

"அது வரம்பு மிச்சியோ. அதுக்கு மேல போகக் கூடாதுன்னு அர்த்தம். அவ்வளவையும் செலவழிச்சே ஆகணும்னு யாரு சொன்னா? தோத்துப் போறது தெரிஞ்சா எழுந்து போயிடுவாங்க."

"கையில கொடுத்த நேரத்தை யாராவது வேண்டாம்னு வெச்சுட்டுப் போவாங்களா?"

தொகுஜி கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கடை வைத்திருக்கும் ஒருத்தி கேட்கும் கேள்வி இது. இதற்குக் கடைக்காரன் என்ன பதில் சொல்வான்?

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர்கள் கடையில் நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவர்கள் விற்பது யுபெஷி. அரிசிமாவில் சோயாச் சாறும் கருப்புச் சர்க்கரையும் கலந்து, வால்நட் பருப்புப் போட்டு ஆவியில் வேகவைப்பது. ருசிக்குக் குறைவில்லை. ஆனால் பல்லில் ஒட்டும், விரலில் ஒட்டும், ஒரு துண்டை மென்று விழுங்குவதற்குள் தாடை வலிக்கும். ஒட்டிய விரலோடு காயைத் தொட எந்த ஆட்டக்காரர் சம்மதிப்பார்? போதாததற்குத் தொகுஜி ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், ஒரு நகர்வுக்கு ஒரு நிமிடத்துக்குள் யோசித்தால் அந்த நேரம் கணக்கிலேயே ஏறாது, ஒரு நிமிடம் ஆனால்தான் குறித்துக்கொள்வார்கள் என்று சொல்லிவைத்தார். மிச்சியோ அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நம்ம பலகாரத்தை ஒரு நிமிஷத்துக்குள்ள தின்னு முடிக்கிற மாதிரி பண்ணிட்டா, அவருக்குக் கடிகாரத்துல நஷ்டமே இல்லையே?"

"யாருடி மென்னு முடிச்சுட்டு அப்புறமா யோசிப்பாங்க? மெல்லும்போதே யோசிப்பாங்க."

"வாயில ஒட்டிக்கிட்டிருந்தா யோசனை எங்க ஓடும்? உக்காருங்க. இதை வாயில போடுங்க."

தொகுஜியை நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் கடிகாரத்தோடு எதிரே நின்றாள். அவர் மென்றார். மறுநாளும் மென்றார். மாவைத் தளர்த்தினாள், பாகைக் குறைத்தாள், பருப்பைப் பொடியாக நறுக்கினாள். கடைசியில் ஒரு வாய்க்கு ஒரு துண்டு என்று சின்னதாக வெட்டி, வெளியே மெல்லிய அரிசிப் படலம் சுற்றி, குச்சியால் குத்தி எடுக்கும்படி செய்து முடித்தாள். விரலில் ஒட்டவில்லை. பல்லில் ஒட்டவில்லை. தொகுஜியின் இடுப்பில் மட்டும் நன்றாக ஒட்டிக்கொண்டது. அவர் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டியதாயிற்று.

போட்டிக்கு முந்தின நாள் மாலை ஸுமியே தொலைபேசியில் கூப்பிட்டாள். பட்டம் வைத்திருக்கும் அரிமுரா இரண்டாம் நாள் மூன்று மணிக்கு முலாம்பழம் கேட்டிருந்தார். சவால் விட்டு வந்திருக்கும் குசுமோதோ யுபெஷி கேட்டிருந்தார்.

"நாலு துண்டு போதுமான்னு கேட்டேன். ஆறு வைங்கன்னாரு," என்றாள் ஸுமியே.

மிச்சியோ தொலைபேசியை வைத்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குசுமோதோ நாற்பது தாண்டிய மனிதர், வட்ட முகம், பட்டப் போட்டிக்கு இப்போதுதான் முதல் தடவையாக வந்திருக்கிறார். அரிமுரா பட்டத்தை மூன்று வருடமாகக் கையை விட்டு விடாத இளைஞர். தொகுஜி அரிமுராவின் ரசிகர். அதனால் வீட்டுக்குள்ளேயே கட்சி இரண்டாகப் பிரிந்தது.

முதல் நாள் விடுதிக்குப் பக்கத்து மண்டபத்தில் பெரிய பலகை வைத்து விளக்கம் சொன்னார்கள். திரையில் ஆட்ட அறை தெரிந்தது. மிச்சியோ பின்பக்கம் மேசை போட்டுப் பெட்டிகளை அடுக்கி விற்றாள். தொகுஜி உதவிக்கு வந்தவர், வந்ததும் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். காலையில் காய்கள் மளமளவென்று நகர்ந்தன. இரண்டு பேரும் வீட்டிலேயே கணினியில் பார்த்து வைத்துக்கொண்டு வந்தது என்றார் விளக்கம் சொன்னவர். மதியத்துக்குப் பிறகு குசுமோதோ நின்றுவிட்டார். யோசித்தார், யோசித்தார், யோசித்து நகர்த்திய பிறகும் திரையின் ஓரத்தில் கணினி காட்டிய வெற்றி வாய்ப்புக் கோடு அரிமுரா பக்கமே சாய்ந்தது.

மாலை ஆறு மணிக்கு நடுவர் நேரமாயிற்று என்றார். அப்போது நகர்த்த வேண்டியவர் குசுமோதோ. யார் முறையோ அவர் தன் அடுத்த நகர்வை யாருக்கும் காட்டாமல் காகிதத்தில் குறித்து உறையில் மூடிக் கொடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால்தான் இரவு முழுவதும் யோசிக்கும் லாபம் ஒருவருக்கு மட்டும் கிடைக்காது. அவர் அடுத்த அறைக்குப் போய்ச் சிவப்புப் பேனாவால் இரண்டு காகிதத்தில் குறித்து, இரண்டு உறையில் போட்டுக் கொண்டுவந்தார். உறை ஒட்டிய இடத்தில் இரண்டு ஆட்டக்காரர்களும் கையெழுத்திட்டார்கள். ஓர் உறையை நடுவர் வைத்துக்கொண்டார், இன்னொன்று விடுதியின் இரும்புப் பெட்டிக்குள் போனது. அதற்குள் இன்னும் உறை இருக்கிறதா என்று ஸுமியே சாப்பாட்டுக்கு நடுவிலும் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தாளாம்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது தொகுஜி சிரித்த முகத்தோடு இருந்தார். அதைப் பார்க்கவே மிச்சியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாளைக்குப் பதினொரு மணி தாண்டாது," என்றார். "குசுமோதோவுக்கு அடிச்சுத் தாக்கறதைத் தவிர வேற வழி இல்ல. தாக்கினா அரிமுரா சட்டுபுட்டுனு முடிச்சிடுவாரு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவங்க ரெண்டு பேரும் ஒண்ணாவே போகலாம்."

"என் பலகாரம்?"

"நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

"சொன்னீங்க, சொன்னீங்க. நீங்க சொல்றதைத் தவிர இந்த வீட்டுல என்ன நடக்குது? அந்த மீன் துண்டை இங்க வைங்க."

தொகுஜி தன் தட்டிலிருந்த பெரிய துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவருக்கும் உள்ளுக்குள் என்னவோ போல் இருந்தது. குளிர்காலம் முழுவதும் மென்றவர் அவர்தானே.

மறுநாள் ஒன்பது மணிக்கு நடுவர் உறையைக் கத்தரித்தார். காகிதத்தை இரண்டு பேருக்கும் காட்டினார். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தாக்குதலும் இல்லை, ஒன்றும் இல்லை. குசுமோதோ தன் ராஜாவை ஒரு கட்டம் பக்கவாட்டில் தள்ளி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

"இது என்ன நகர்வு?" என்று தொகுஜி பக்கத்து ஆளைக் கேட்டார். பக்கத்து ஆளுக்கும் தெரியவில்லை. விளக்கம் சொன்னவர் தலையைச் சொறிந்துகொண்டு, இதில் ஏதோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குசுமோதோ போடமாட்டார் என்றார். அரிமுராவும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது. ராத்திரி அவர் எதிர்பார்த்துத் தயாராக வந்தது வேறு நகர்வு. கையைக் கட்டிக்கொண்டார். கூரையைப் பார்த்தார். பத்து மணிப் பலகாரம் வந்தது, போனது. அவர் அசையவில்லை.

பின்னால் மேசைக்குப் பக்கத்தில் மிச்சியோ நின்றிருந்தாள். நிமிடம் நகர நகர அவள் முகம் மலர்ந்தது. வாங்க வந்தவர்களுக்குச் சில்லறையோடு ஒரு துண்டு அதிகமாகவும் கொடுத்தாள். யோசிங்க தம்பி, நல்லா யோசிங்க, அவசரமே இல்ல என்று மனத்துக்குள் அரிமுராவிடம் சொல்லிக்கொண்டாள்.

அரிமுரா நகர்த்தியபோது பதினொரு மணியாகப் போகிறது. அதற்குப் பிறகு விஷயம் வேகமாகக் கெட்டது. அந்த ராஜா நகர்வில் கண்ணி எதுவும் இல்லை. சாப்பாட்டு இடைவேளைக்கு மணி அடித்தபோது வெற்றி வாய்ப்புக் கோட்டில் குசுமோதோ பக்கம் நூலளவுதான் மிச்சம். தொகுஜி பின்னால் வந்து மனைவி பக்கத்தில் நின்றார். பெருமை அடித்துக்கொள்ளவில்லை.

"சாப்பாடு முடிஞ்சு வந்ததும் குசுமோதோ முறை," என்றார். "அவருக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கையில இருக்கு. ஆனா யோசிக்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல."

"ரெண்டு மணி நேரம் இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்போ மூணு மணி வரைக்கும் உக்காரலாம்ல?"

"உக்காரலாம். யாரும் எழுப்ப முடியாது."

ஒன்றரைக்கு ஆட்டம் திரும்பத் தொடங்கியது. குசுமோதோ குனிந்து பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் போனது. விளக்கம் சொன்னவர் சொல்ல ஒன்றும் இல்லாமல் பழைய கதைகளை எடுத்துவிட்டார். மண்டபத்தில் பாதிப்பேர் எழுந்து தேநீர் குடிக்கப் போனார்கள். மிச்சியோ மேசையை விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள், திரையைப் பார்ப்பாள், திரும்பக் கடிகாரத்தைப் பார்ப்பாள். இன்னும் அரை மணி நேரம்தான், அப்படியே உட்கார்ந்திருங்கள் ஐயா என்று வேண்டிக்கொண்டாள்.

அப்போது காமிரா குசுமோதோவின் முகத்துக்குப் பக்கத்தில் போனது.

மிச்சியோ அதுவரை அந்த முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அந்த வட்ட முகம் காதுவரை சிவந்திருந்தது. உதடு உள்ளே மடிந்திருந்தது. அவர் பலகையில் ஒரே இடத்தைப் பார்ப்பார், தலையை லேசாக ஆட்டுவார், திரும்ப அதே இடத்துக்கு வருவார். அங்கே ஒன்றும் இல்லை என்று அவருக்கே தெரியும். தெரிந்துகொண்டே தேடுகிறார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், மடித்து வைத்தார், மறுபடியும் எடுத்தார்.

அவள் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டாள். ஒரு மனுஷன் ஊர் உலகம் பார்க்க இப்படி உட்கார்ந்து வேகிறான், நான் என் பலகாரத்துக்காக இன்னும் வேகு, இன்னும் வேகு என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேனே என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது.

"என்னங்க," என்றாள். "இவர் ஏன் இன்னும் உக்காந்திருக்காரு?"

தொகுஜி திரும்பிப் பார்த்தார். "நீதானே உக்காரணும்னே?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். போதும்னு எழுந்துக்கச் சொல்லுங்க."

"இங்கேருந்து கத்தினா அவருக்குக் கேக்குமா? தோக்கறோம்னு தெரிஞ்சாலும் அதைச் சொல்ல மனசு வரணும்ல. அதுக்கும்தான் நேரம் வேணும். அந்த நேரத்தைத்தான் எடுத்துக்கறாரு."

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. குசுமோதோ பக்கத்திலிருந்த கோப்பையை எடுத்துத் தண்ணீர் குடித்தார். உடுப்பின் கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் இழுத்துச் சரி செய்தார். தொகுஜி மூச்சை உள்ளே இழுத்தார். ஷோகி பார்க்கிறவர்களுக்கு இது தெரியும், உடுப்பைச் சரி செய்தால் முடிந்தது என்று அர்த்தம். மிச்சியோவுக்கும் இத்தனை வருடத்தில் இது தெரியாமல் இல்லை. குசுமோதோ கையைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துத் தலை தாழ்த்தினார்.

"தோத்துட்டேன்," என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

அரிமுராவும் தலை தாழ்த்தினார். மண்டபத்தில் கைதட்டினார்கள். நேரம் குறிப்பவர் மிச்ச நேரத்தைப் படித்தார், அதை யாரும் கேட்கவில்லை. மிச்சியோவும் கைதட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அது பலகாரத்துக்கா அந்த மனிதருக்கா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தொகுஜி அவள் தோளில் கை வைத்தார்.

"அடுத்த வருஷமும் போட்டி வரும்," என்றார்.

"வந்தா முதல் நாள் காலையைக் கேக்கறேன். வாங்க, மேசையை ஒழிக்கலாம்."

பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்கள். திரையில் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், கேள்வி கேட்டார்கள், போனார்கள். அதற்குப் பிறகு வழக்கம்போல இரண்டு ஆட்டக்காரர்களும் ஆட்டத்தைத் திரும்ப முதலிலிருந்து பலகையில் வைத்துப் பார்க்க உட்கார்ந்தார்கள். எங்கே தப்பு, எங்கே வேறு வழி இருந்தது என்று இருவரும் பேசிக்கொள்ளும் நேரம் அது. கடிகாரம் நிறுத்தப்பட்டிருந்தது. ஒலிவாங்கி மட்டும் திறந்திருந்தது.

"அந்த ராஜா நகர்வு," என்றார் அரிமுரா. "அதுல என்ன இருக்குன்னு காலையில எனக்குத் தலையே வெடிச்சிடுச்சு."

"ஒண்ணும் இல்ல," என்றார் குசுமோதோ. "வேற எதைப் போட்டாலும் உடனே தோத்துடுவேன்னு தெரிஞ்சுது. சரி, ஓரமா போய் நிப்போம்னு போட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிவந்த முகம் இப்போது சாதாரணமாகிவிட்டிருந்தது. குசுமோதோ ஒரு காயை எடுத்துப் பின்னால் வைத்தார், யோசித்தார், பிறகு திரும்பி நேரம் குறிப்பவரைப் பார்த்தார்.

"மூணு மணி ஆச்சா?"

"ஆச்சுங்க."

"நான் சொல்லி வெச்சது இன்னும் வரலையே?"

நேரம் குறிப்பவர் பேனாவைக் கீழே வைத்தார். ஆட்டம் முடிந்த பிறகு பலகாரம் கேட்டவர் யாரையும் அவர் பார்த்ததில்லை போலும். கதவுப் பக்கம் பார்த்தார். கதவுக்குப் பின்னால் ஸுமியே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கேட்டது காதில் விழுந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். முலாம்பழம் அரிமுரா பக்கம், யுபெஷி குசுமோதோ பக்கம்.

மண்டபத்தில் மிச்சியோ கையிலிருந்த பெட்டி நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவள் குனியவில்லை.

குசுமோதோ குச்சியால் ஒரு துண்டைக் குத்தி வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே ஒரு காயை நகர்த்தினார், வேண்டாம் என்று திரும்ப எடுத்தார். இரண்டாவது துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். முழுசாக மென்று விழுங்கிய பிறகுதான் திறந்தார்.

"இது நல்லா இருக்கே," என்றார், யாரிடம் என்றில்லாமல். "வால்நட்."

காமிராக்காரருக்கு வேறு வேலை இல்லை. தட்டை நன்றாகக் காட்டினார். தேநீர் குடிக்கப் போன கூட்டம் திரும்ப வந்து நின்று பார்த்தது. அரிமுரா தன் முலாம்பழத்தை முடித்துவிட்டிருந்தார். பேசிக்கொண்டே அவர் கை எதிர்ப்பக்கம் தட்டை நோக்கி நீண்டது.

குசுமோதோ தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆட்டத்தை எடுத்துக்கிட்டீங்க. பட்டத்தையும் நீங்களே வெச்சுக்கிட்டீங்க," என்றார். "இதையாவது எனக்கு விட்டு வைங்க."

அரிமுரா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அந்த இளைஞர் சிரித்து இதுவரை யாரும் திரையில் பார்த்ததில்லை. அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள், நடுவரும் சிரித்தார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. தொகுஜி சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கினார். மிச்சியோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

கூட்டத்தில் ஒருவர் திரும்பி மேசையைப் பார்த்தார். இன்னொருவரும் பார்த்தார். பிறகு எல்லோருமாகக் கிளம்பி மேசைப் பக்கம் வந்தார்கள்.

"அம்மா, அவர் யாருக்கும் தர மாட்டேங்கறாரே, அதுல ஒரு பெட்டி குடுங்க," என்றார் முதலில் வந்தவர்.

மிச்சியோ இடுப்பில் கட்டியிருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுக்கி வைத்த பெட்டிகளைத் திரும்பப் பிரித்தாள். வரிசை கதவுவரை போனது. அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? கடைக்கு ஓடிப் போய் அடுப்பைப் பத்த வைங்க."

தொகுஜி ஓடினார்.